துட்டு: கப்பலில் வந்த ஒரு செப்புக் காசு

சென்னையில் ஒருவர் பணத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார் என்று கவனித்தாலே அவர் எந்தப் பக்கம் வளர்ந்தவர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அலுவலகத்தில் அது ‘அமௌண்ட்’. வீட்டில் ‘பணம்’ அல்லது ‘காசு’. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வடக்கே போனால் ‘துட்டு’. இவற்றில் கடைசிச் சொல்லுக்கு மட்டும்தான் எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறும். மரியாதை இல்லாத சொல், ரவுடி பேசுகிற சொல், சினிமாவில் சிரிப்பு நடிகர் பேசுகிற சொல் என்று அதன் மேல் ஒரு முத்திரை விழுந்துவிட்டது.

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். எங்கள் வீட்டில் துட்டு என்றால் பணம், அவ்வளவுதான். அதில் கேலியோ முரட்டுத்தனமோ கிடையாது. ஆயா கோயில் உண்டியலில் போடக் கொடுத்ததும் துட்டு, அப்பா சம்பளக் கவரில் கொண்டுவந்ததும் துட்டு. பள்ளியில் ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதியபோது ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, “இதெல்லாம் தமிழே இல்ல, குப்பத்து பாஷை” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னார். அதே பக்கத்தில் நான் ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி எல்லாம் எழுதியிருந்தேன். அவற்றின் மேல் ஒரு கோடுகூட விழவில்லை. அந்த நான்கும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. துட்டு அவர்களுக்குப் பின்னால் இதே கடற்கரைக்கு வந்த டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. ஜன்னலுக்குக் கிடைத்த மதிப்பு துட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

முதலில் சொல்லின் இன்றைய வாழ்க்கையைப் பார்த்துவிடலாம். காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலை வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பேரம் நடக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். “துட்ட எடு கண்ணு, அப்பால பேசிக்கலாம்” என்று மீன்கார அம்மா சொல்வார். ஒருவர் நன்றாகச் சம்பாதித்துவிட்டால் “நல்லா துட்டு பாத்துட்டான்” என்பார்கள். இங்கே பார்ப்பது என்றால் ஈட்டுவது. சொந்தச் செலவில் ஒன்றைச் செய்தால் அது ‘கைத்துட்டு’ போட்டுச் செய்தது. வசதியானவர் ‘துட்டுக்காரர்’. “துட்டு கீதா?” என்பது கையில் பணம் இருக்கிறதா என்ற எளிய விசாரிப்பு. “நாலு துட்டு சேத்து வெச்சிக்கோ” என்பது பெரியவர்கள் சொல்லும் புத்திமதி.

அந்த ‘நாலு துட்டு’ எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம். இன்றைக்கு யாரும் துட்டை எண்ணுவதில்லை. ‘பத்து ரூபா துட்டு’ என்போமே தவிர ‘பத்து துட்டு’ என்று சொல்லமாட்டோம். தண்ணீர், மணல் போல அளவில்லாத ஒரு பொருளாக அது மாறிவிட்டது. ஆனால் ‘நாலு துட்டு’ என்று சொல்லும் அந்த இடத்தில் மட்டும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துட்டு ஒரு காலத்தில் விரலால் எண்ணக்கூடிய ஒரு நாணயமாக இருந்தது என்பதற்கு நம் வாயிலேயே இருக்கும் சாட்சி அது. ‘துட்டுக்கு எட்டு’ என்ற பழைய தொடரும் அப்படித்தான். ஒரு துட்டுக்கு எட்டு கிடைக்கிறது என்றால் பொருள் அவ்வளவு மலிவு.

அந்த நாணயம் டச்சு நாட்டின் ஆகச் சிறிய செப்புக் காசு. எழுத்தில் டுயிட். அவர்கள் உச்சரிப்பது டௌட் என்பதற்கும் டொய்ட் என்பதற்கும் நடுவே எங்கோ விழும். அவர்கள் ஊரில் எட்டு டுயிட் ஒரு ஸ்டைவர், இருபது ஸ்டைவர் ஒரு கில்டர். அதாவது ஒரு கில்டருக்கு 160 டுயிட். ஆங்கிலத்திலும் இதே காசு ‘டாய்ட்’ என்று நுழைந்து, ஒன்றுக்கும் பெறாத தொகையைச் சொல்லும் சொல்லாயிற்று. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 18ஆம் நூற்றாண்டில் ஆசிய வியாபாரத்துக்கென்றே தன் முத்திரையோடு டுயிட் அடித்து அனுப்பியது. கம்பெனியின் டச்சுப் பெயருக்கான முதலெழுத்துகள் வி, ஓ, சி; ஒரு பெரிய வி எழுத்தின் இரு கால்களிலும் ஓவும் சியும் கோத்த முத்திரை அது, கீழே ஆண்டு. பழைய நாணயம் விற்பவர்களிடம் இன்றும் அது எளிதாகக் கிடைக்கும்.

சென்னையில் இருந்துகொண்டு டச்சுக்காரர்களைத் தேடி எங்கும் தூரம் போகவேண்டாம். பழவேற்காடு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1610இல் அவர்கள் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். மயிலாப்பூர் பக்கம் சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அப்புறம் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியது 1639இல்தான். அதாவது சென்னை என்ற நகரம் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே பழவேற்காட்டில் டச்சுக் கொடி பறந்தது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களுடைய தலைமையிடம். பிறகு நாகப்பட்டினம். தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்திலும் ஒரு கோட்டை. ஆக, மெட்ராஸின் இரண்டு பக்கமும் டச்சுக்காரர்கள்தான் இருந்தார்கள். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது 1825இல்.

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். போகிறவர்கள் எல்லாம் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு அங்கே போனால் மனம் செம்பின் மேல் போகும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு நாணயச் சாலை இருந்தது. அங்கே உருகிய செம்பில் ஒரு பங்கு ஜப்பானிலிருந்து வந்தது. 1641 முதல் நாகசாகியின் டெஜிமா தீவில் வியாபாரம் செய்ய அனுமதி பெற்ற ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. அங்கிருந்து செப்புக் கட்டிகளை ஏற்றிவந்து இந்தக் கரையில் விற்றார்கள், காசாகவும் அடித்தார்கள். பதிலுக்கு இங்கிருந்து போனது துணி. நம் ஊர் நெசவாளர் நெய்த துணியைக் கொடுத்துத்தான் ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள்.

துணி மட்டும் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் ஏற்றினார்கள். பழவேற்காடு அதற்கும் துறைமுகம். பசியில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்கள். டச்சுக்காரர் கொண்டுவந்த ஒரு காசின் பெயரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

துட்டுக்குக் கடல் கடந்த சொந்தங்கள் உண்டு. ஜகார்த்தாவில் பேச்சு வழக்கில் பணத்தை ‘டுயிட்’ என்பார்கள். மலேசியாவிலும் ‘டுயிட்’தான். அங்கே வளர்ந்த தமிழர்களுக்கு மலாய் டுயிட்டும் தமிழ் துட்டும் ஒரே காதில் விழுந்திருக்கும். சிங்களத்தில் ‘துட்டுவ’ என்று ஒரு பழைய சிறு நாணயம். மதிப்பில்லாத ஒன்றை இன்றும் ‘துட்டு தெகே’, அதாவது இரண்டு துட்டுச் சரக்கு என்பார்கள். டச்சுக் கப்பல் எந்தெந்தத் துறையில் நங்கூரம் போட்டதோ அந்தந்தத் துறையில் இந்தச் சொல் இறங்கியிருக்கிறது. எதிர்த் திசையிலும் ஒரு சொல் போனது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை ‘கைன் பெலிக்காட்’ என்பார்கள். கைன் என்றால் துணி, பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. நம் ஊர்ப் பெயர் அவர்கள் இடுப்பில், அதே வியாபாரத்தில் புழங்கிய காசின் பெயர் இருவர் வாயிலும்.

டுயிட் எப்படித் துட்டு ஆயிற்று என்பதில் பெரிய மர்மம் இல்லை. வல்லினத்தில் முடியும் அயல் சொல்லைத் தமிழ் அப்படியே விடாது. கடைசி எழுத்தை இரட்டித்து ஓர் உகரம் சேர்த்துக்கொள்ளும். கப் என்பது கப்பு ஆகும், செட் என்பது செட்டு ஆகும். சொல் முதலில் டகரம் தமிழுக்கு ஒவ்வாததால் அது தகரமானது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘துட்டு’ மெலிந்த ஒலியோடு, ஆங்கிலத்தில் எழுதினால் ‘duddu’ என்று ஒலிக்கிறது, பெங்களூரில் இன்றும் பணத்துக்கு அதுதான் அன்றாடச் சொல். அதை வைத்து, இது திராவிட மொழிகளுக்கே உரிய பழைய சொல்லாக இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. துண்டு என்பதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவும் ஆசை வரும். எனக்கு டச்சு வழிதான் சரியாகப் படுகிறது. பொருள், ஒலி, காலம் மூன்றும் அங்கே பொருந்துகின்றன. ஜாவாவிலிருந்து இலங்கை வரை அதே பெயர் அதே செப்புக் காசுக்கு இருக்கிறது. உள்நாட்டில் அது பரவியதிலும் வியப்பில்லை. துறைமுகத்தில் மாற்றிய காசு சந்தை சந்தையாக மேற்கே நடக்கும், கூடவே பெயரும் நடக்கும்.

ஆங்கிலேயரின் மெட்ராஸும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து மெட்ராஸ் கணக்கு இப்படி: பத்துக் காசு ஒரு துட்டு. எட்டு துட்டு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் சேர்ந்தால் ஒரு நட்சத்திர வராகன். வராகன் தங்கம். மெட்ராஸ் பணம் வெள்ளி. காசும் துட்டும் செம்பு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கணக்குகள், வீட்டு விலை, கப்பல் சரக்கு எல்லாம் வராகனில் எழுதப்பட்டன. வண்ணாரப்பேட்டையில் கம்பெனித் துணியை வெளுத்தவருக்கும், காலடிப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் தறி போட்டவருக்கும், அலையில் மசுலாப் படகு தள்ளிக் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவருக்கும் தினப்படி கையில் புழங்கியது செம்பு. தங்கத்தைச் செம்பாக மாற்ற சராப்புக் கடைக்குப் போகவேண்டும். அங்கே வட்டம், அதாவது மாற்றுவதற்கான கழிவு, பிடிப்பார்கள். செம்பின் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அடி விழுந்தது செம்பை மட்டுமே பார்த்தவர்கள் மேல்தான்.

இங்கேதான் என் பள்ளிக்கூடத்துக் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வராகன் என்ற சொல் தங்கத்தோடு பேச்சிலிருந்து போய்விட்டது. வெள்ளிக் காசின் பெயரான பணம், எல்லாச் செல்வத்துக்கும் பொதுவான, மேடையில் சொல்லத்தக்க சொல்லாக உயர்ந்தது. காசு சங்க காலத்திலிருந்து இருக்கும் பழஞ்சொல் என்பதால் அதற்குத் தனி மரியாதை. துட்டு மட்டும் செம்பைத் தொட்ட கைகளிலேயே தங்கிவிட்டது. வேறு நாணயம் பார்க்காதவர்களுக்குப் பணம் என்றாலே துட்டுதான். எனவே அவர்கள் பேச்சில் அது எல்லாப் பணத்துக்கும் பெயரானது. நாணயங்கள் செல்லாமல் போய் இவ்வளவு காலம் ஆகியும், மெட்ராஸில் உலோகங்களுக்கு இருந்த ஏற்றத்தாழ்வு சொற்களில் அப்படியே நிற்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர் சுளிப்பது அதைச் சொல்கிறவர்களைப் பார்த்துத்தான்.

அந்தச் செப்புக் காசுகளில் ஒரு கூட்டத்துக்கு நேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். 1808இல் மெட்ராஸுக்காக பர்மிங்காமின் சோஹோ நாணயச் சாலையில் மேத்யூ போல்டன் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை நீராவி இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தார். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. காசு என்ற நம் சொல் போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போய் ‘கேஷ்’ ஆகித் திரும்பிய வடிவம் அது. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே புயலில் சிக்கி குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்த இடம் தெரியவந்து, லட்சக்கணக்கில் நாணயங்களை வெளியே எடுத்தார்கள். பத்துக் காசு என்றால் ஒரு துட்டு. வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் வந்து சேரவேண்டிய துட்டு, தேய்மானமே இல்லாமல் இன்று உலகம் முழுவதும் நாணயம் சேர்ப்பவர்கள் பெட்டியில் இருக்கிறது.

1818இல் மெட்ராஸ் மாகாணம் ரூபாய்க்கு மாறியது. வராகனும் பணமும் கணக்கேட்டிலிருந்து போயின. ரூபாய், அணா, தம்படி வந்தன. 1957 ஏப்ரலில் அவையும் போய் நயா பைசா வந்தது. துட்டு எதற்கும் அசையவில்லை.

தெற்கே இந்தச் சொல்லின் நிலைமை முற்றிலும் வேறு. தூத்துக்குடியை டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது 1658இல். முத்துக்குளிப்புக்காகவே அந்த ஊரை அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இன்றைக்கும் ஆசிரியர், வக்கீல், கடை முதலாளி என்று எல்லோரும் கூச்சமே இல்லாமல் துட்டு என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த தூத்துக்குடி நண்பர் ஒருமுறை, “அண்ணாச்சி, துட்டு அனுப்பிட்டேன், வந்துட்டான்னு பாத்துக்கிடுங்க” என்று போனில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தபடி, “அதுக்குள்ள மெட்ராஸ் பாஷை கத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டார். நண்பருக்குக் கேள்வியே புரியவில்லை. “எங்க வீட்ல எங்க அம்மையும் இப்படித்தான சொல்லுவா?” என்றார். ஒரே சொல், ஒரே பொருள், ஒரே டச்சுக் காசு. ஓர் ஊரில் அம்மா வாயில் இருக்கும் சாதாரணச் சொல், இன்னோர் ஊரில் குப்பத்து பாஷை.

மெட்ராஸ் பாஷையைத் திரைக்குக் கொண்டுவந்து ரசிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஜே. பி. சந்திரபாபு. ரிக்‌ஷாக்காரராக நடித்து அந்தப் பேச்சின் தாளத்தை அவ்வளவு துல்லியமாகப் பிடித்தவர். அவர் பிறந்ததும் தூத்துக்குடிதான். சென்னைத் தெருவில் துட்டு என்ற சொல் காதில் விழுந்தபோது அது அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது. திரையில் அந்தப் பாஷை நன்றாகத்தான் வாழ்ந்தது. ஆனால் பிறகு வந்த பல படங்களில் அதைப் பேசுபவர் ஒன்று கோமாளி, இல்லையென்றால் அடியாள் என்று ஆகிவிட்டது. சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

டச்சுக்காரர் விட்டுப்போன வேறு சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. கக்கூஸ் அவர்களுடைய ‘காக்ஹவ்ஸ்’. பம்ப்ளிமாஸ் அவர்களுடைய ‘பொம்பல்மூஸ்’. இரண்டையும் எல்லா வீட்டிலும் சொல்கிறோம், யாரும் குப்பத்து பாஷை என்பதில்லை. கழிப்பறைப் பெயருக்கே அந்த இடம் கிடைத்துவிட்டது.

என் ஆசை இதுதான்: அயல் சொற்கள் என்று பாடப்புத்தகத்தில் போடும் பட்டியலில் ஜன்னலுக்கும் சாவிக்கும் பக்கத்தில் துட்டும் வரவேண்டும். டச்சு, செப்புக் காசு, பழவேற்காடு என்ற மூன்று குறிப்புகளோடு வந்தால் போதும். வடசென்னைப் பள்ளியில் அந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளை, வீட்டில் பேசும் சொல்லைப் புத்தகத்தில் பார்க்கும்.

எங்கள் பக்கம் துட்டுக்குச் சமமாகப் புழங்கும் இன்னொரு சொல் டப்பு. அது தெலுங்கு வழியாக வந்தது. அந்தப் பெயரிலும் மெட்ராஸில் செப்புக் காசு அடித்திருக்கிறார்கள். அந்தக் கதையில் ஆந்திரக் கரையும் நவாபுகளும் வருவார்கள் என்பதால் அதைத் தனியாக எழுதுகிறேன்.